ஒரே கொடியில் நான்கு மிளகு

ஐரோப்பிய நகரங்களின் பெரிய மளிகைக் கடைகளில் உப்பையும் மிளகையும் இப்போது ஊர்ப் பெயர் சொல்லி விற்கிறார்கள். பிரான்சு நாட்டின் கெராந்த் உப்பளத்து உப்பு ஒரு சிறு பெட்டியில் இருக்கும். பக்கத்திலேயே கம்போடியா நாட்டின் கம்போட் மிளகு, ஆப்பிரிக்காவில் காமரூன் நாட்டின் பென்ஜா மிளகு, மலையாளக் கரையின் தலைச்சேரி மிளகு என்று கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நிற்கும். ஒரு குப்பியில் 50 கிராம் இருக்கும்; மிஞ்சினால் 100 கிராம். விலையோ மூட்டைக் கணக்கில் விற்கும் மிளகைப் போலப் பல மடங்கு.

இந்தக் குப்பிகளில் இருப்பது புதிதாகக் கண்டுபிடித்த பயிர் எதுவும் அல்ல. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் சில்வர் ஓக் மரங்களில் ஏறிப் படர்ந்திருக்கும் அதே மிளகுக் கொடிதான். கீழ்ப்பழனி மலையிலும் கூடலூரிலும் காபிச் செடிகளுக்கு நிழல் தரும் மரங்களில் ஏற்றப்படுவதும் இதுவே. மண்ணும் மழையும் மணத்தில் ஓரளவு மாறுதல் செய்கின்றன என்பது உண்மை. ஆனால் விலையில் காணும் வேறுபாட்டில் பெரும்பகுதி, சரம் முற்றத் தொடங்கும் நாள் முதல் மிளகு சாக்கில் ஏறும் நாள் வரையுள்ள சில வாரங்களில் உண்டாவது. அந்தச் சில வாரங்களைத்தான் சிறு விவசாயிகள் பலர் வேறொருவர் கையில் ஒப்படைத்துவிடுகின்றனர்.

கொடியிலேயே விற்பவருக்கு நேரும் இழப்பு

மலைப்பகுதிகளில் சில இடங்களில், சரம் பிடித்த உடனேயே கொடிக்கு இவ்வளவு என்று பேசி மொத்தமாகக் குத்தகைக்கு விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவு, உரக்கடை பாக்கி, வீட்டில் ஒரு விசேஷம் என்று பணம் தேவைப்படும் சமயத்தில் வியாபாரி முன்பணம் தருகிறார். முன்பணம் வாங்குவதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதன் பிறகு அறுவடை நாளைத் தீர்மானிப்பவர் கொடிக்காரர் அல்லர். குத்தகை எடுத்தவரின் ஆட்கள் அடிக்கடி வரமாட்டார்கள். வந்த ஒரே நாளில் முற்றியது, முற்றாதது என்று பாராமல் எல்லாச் சரங்களையும் உருவிக்கொண்டு போவார்கள். திருட்டுப் பயத்தால் தாமே முன்கூட்டிப் பறித்துவிடும் விவசாயிகளும் உண்டு.

இதனால் ஏற்படும் நட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கொடிகள் வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடிக்கு 3 கிலோ வீதம் 300 கிலோ பச்சை மிளகு கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். நன்கு முற்றிய பச்சை மிளகு 100 கிலோவைக் காயவைத்தால் ஏறத்தாழ 33 கிலோ கருமிளகு தேறும். ஆகவே 300 கிலோவுக்கு 99 கிலோ கிடைக்கும். முற்றாத மணிகளில் நீர் அதிகம், உள்பருப்பு குறைவு. அவ்வாறு பறித்ததில் 100-க்கு 27 கிலோதான் தேறுகிறது என்றால், 300 கிலோவுக்கு 81 கிலோவே ஆகும். 18 கிலோ காணாமற்போய்விட்டது. இது எடையில் மட்டும் ஏற்பட்ட நட்டம். மிஞ்சிய 81 கிலோவும் சுருங்கி, லேசாக இருப்பதால் கிலோவுக்குக் கிடைக்கும் விலையும் இறங்கும். கொடிக்குச் சொந்தக்காரர் இந்த இரண்டு நட்டங்களையும் கண்ணால் பார்ப்பதே இல்லை. குத்தகைத் தொகையைச் சொல்லும்போதே வியாபாரி தம் மனக்கணக்கில் அவற்றைக் கழித்துவிடுகிறார்.

முற்றாத மிளகுக்கு விலையே இல்லை என்று கூற முடியாது. மிளகிலிருந்து எண்ணெயும் சத்துச் சாறும் இறக்கும் ஆலைகளுக்கு இளம் மிளகு ஏற்றது. ஏனெனில் அதில் மாவுப்பொருள் குறைவாகவும், மணமும் காரமும் தரும் பொருட்கள் கூடுதலாகவும் இருக்கின்றன. இலங்கையில் இதற்கென்றே இளம் மிளகைப் பறித்து, இந்திய ஆலைகளுக்கு அனுப்புகின்றனர். அதைத் தெரிந்து, அதற்குரிய விலை பேசிப் பறிப்பது வேறு. தெரியாமல் பறிகொடுப்பது வேறு.

கம்போட்டில் நடந்தது

கம்போடியாவின் தென்கடற்கரையில் கம்போட் என்ற மாகாணம் இருக்கிறது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கு மிளகுத் தோட்டங்கள் பெருகின. பிரான்சு நாட்டுச் சமையற்காரர்களிடையே அந்த மிளகுக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் மக்கள் ஊர் ஊராக விரட்டப்பட்டு நெல் வயல்களில் வேலை செய்ய வைக்கப்பட்டனர். மிளகுத் தோட்டங்கள் கவனிப்பாரின்றி அழிந்தன. பின்னர் ஊர் திரும்பிய சில குடும்பங்கள் மறுபடியும் கொடிகளை நட்டன. ஆனால் விளைந்த மிளகைச் சாதாரண மிளகோடு சேர்த்து, சாதாரண விலைக்கே விற்க வேண்டியிருந்தது. பழைய பெயரால் பயன் எதுவும் கிட்டவில்லை.

விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து விதிகளை எழுதிக்கொண்ட பிறகே நிலைமை மாறிற்று. கம்போட், அதை அடுத்த கெப் ஆகிய பகுதிகளில் விளைந்தால்தான் அந்தப் பெயரைப் பயன்படுத்தலாம். இயற்கை உரமே இட வேண்டும். இன்ன பக்குவத்தில் பறிக்க வேண்டும், இவ்வாறு காயவைக்க வேண்டும், மணி மணியாகக் கையால் பொறுக்க வேண்டும் என்றெல்லாம் கட்டுப்பாடுகள் வகுத்தனர். 2010-இல் கம்போடிய அரசு அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. 2016-இல் ஐரோப்பிய ஒன்றியமும் பாதுகாப்பு அளித்தது. காமரூன் நாட்டின் பென்ஜா பகுதியில் எரிமலை மண்ணில் விளையும் வெள்ளை மிளகுக்கும் இதுபோலவே 2013-இல் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது.

குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் விலை முழுவதும் விவசாயிக்குப் போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. குப்பி, பொட்டலச் செலவு, விமானக் கட்டணம், கடை வாடகை, கடைக்காரரின் இலாபம் எல்லாம் அதில் அடக்கம். என்றாலும் சாதாரண மிளகுக்குக் கிடைப்பதைவிட அதிகமாகவே அந்த விவசாயிகளுக்குக் கிடைக்கிறது. கம்போட்டில் கருப்பு, சிவப்பு, வெள்ளை, பச்சை என்று நான்கு வகை மிளகு விற்கிறார்கள். நான்கும் ஒரே கொடியில் விளைபவை. பறிக்கும் பருவமும் பக்குவமும்தான் வேறு.

தமிழ்நாட்டு மலைகளில் ஜூன், ஜூலை மழையை ஒட்டி மிளகு பூக்கிறது. பூத்த 4, 5 மாதங்களில் மணிக்குள் பருப்பு கெட்டிப்படுவதற்கு முன் பறித்தால் பச்சை மிளகாகப் பதப்படுத்தலாம். 6 முதல் 8 மாதங்களில் முற்றிய பிறகு பறிப்பது கருமிளகுக்கு. அதையும் தாண்டி மணிகள் சிவந்து பழுத்த பின் பறித்தால் வெள்ளை மிளகோ சிவப்பு மிளகோ செய்யலாம். சமவெளியில் நவம்பர் முதல் ஜனவரி வரையிலும், உயரமான மலைகளில் ஜனவரி முதல் மார்ச் வரையிலும் அறுவடை நடைபெறும்.

கருமிளகு: ஒரு நிமிட வெந்நீர்

சிறு விவசாயிக்கு எந்நாளும் சோறு போடுவது கருமிளகுதான். ஆகவே மற்ற மூன்றையும் பற்றி யோசிக்குமுன் இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்வது நல்லது.

ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் ஆரஞ்சு நிறமாகவோ சிவப்பாகவோ மாறினால் அந்தச் சரம் அறுவடைக்கு வந்துவிட்டது என்று அறியலாம். ஒரே கொடியில் எல்லாச் சரங்களும் ஒரே நாளில் முற்றுவதில்லை. எனவே 10 முதல் 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை பறிக்க வேண்டும். கூலி கூடுகிறதே என்று தோன்றும். மேலே காட்டிய 18 கிலோ கணக்கை அந்தக் கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது இலாபம் என்பது விளங்கும். ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறிப் பறிக்கும்போது ஏணியின் மேல்முனையை மரத்தோடு கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் கொடியை அது போகிற உயரத்துக்கெல்லாம் ஏறவிடுவதைவிட, 6 மீட்டர் அளவில் நிறுத்திக்கொள்வது பறிப்பவரின் உயிருக்கும் நல்லது. தரையில் உதிர்ந்து கிடக்கும் மணிகளைப் பறித்த சரங்களோடு கலக்காமல் தனியாகச் சேர்க்க வேண்டும். அவற்றில்தான் பூசணமும் மண்ணும் அதிகம்.

பறித்த சரங்களைச் சுத்தமான சாக்கில் ஓர் இரவு வைத்திருந்தால் மணிகள் எளிதில் உதிரும். அதற்கு மேல் குவித்து வைத்தால் சூடேறிக் கெடும். காலால் மிதித்து உதிர்ப்பதுதான் பழைய வழக்கம். இப்போது மிளகு உதிர்க்கும் கருவிகள் வந்துவிட்டன. நாலைந்து பேர் கூட்டாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம். மிதிப்பதானால் காலைக் கழுவிவிட்டு, விரிப்பின் மேல் மிதிக்க வேண்டும்.

அடுத்து வருவதுதான் செலவில்லாத, ஆனால் பலர் விட்டுவிடும் வேலை. ஓர் அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும். உதிர்த்த மணிகளை ஓட்டையுள்ள மூங்கில் கூடையிலோ வலைப்பையிலோ இட்டு, கொதிக்கும் நீரில் முழுக அமிழ்த்தி ஒரு நிமிடம் வைத்து எடுத்து, நீரை வடியவிட்டு உடனே வெயிலில் பரப்ப வேண்டும். மிளகின் தோலில் ஒரு வகை நொதிப்பொருள் இருக்கிறது. வெந்நீர் பட்டதும் தோலின் நுண்ணறைகள் உடைந்து, இந்த நொதி காற்றோடு சேர்ந்து தோலைக் கருக்கச் செய்கிறது. அதனால் எல்லா மணிகளும் ஒரே சீராகப் பளபளவென்று கறுக்கும். தூசியும் கிருமிகளும் குறையும். 5 முதல் 7 நாள் காய வேண்டிய மிளகு 3, 4 நாளில் காய்ந்துவிடும். மலையில் திடீரென்று மேகம் மூடும் நாட்களில் இந்த இரண்டு மூன்று நாள் மிச்சம் பெரிய விஷயமாகும்.

வெந்நீரில் வெகுநேரம் வேகவிட்டால் அந்த நொதியே செத்துவிடும். பிறகு மிளகு கருக்காமல் மங்கிய பழுப்பாக நின்றுவிடும். மணமும் ஆவியோடு போகும். ஒரு கூடையை எடுத்த பிறகு நீர் மறுபடி கொதித்த பின்னரே அடுத்த கூடையை இறக்க வேண்டும். நீர் கருத்துக் குழம்பினால் மாற்றிவிட வேண்டும்.

காயவைக்கும் களம்தான் மிளகின் பெயரைக் காப்பதும் கெடுப்பதும். சாணம் மெழுகிய தரை நெல்லுக்கும் பயறுக்கும் வழிவழியாக வந்த பழக்கம். உமியை நீக்கி, வேகவைத்து உண்ணும் தானியத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. மிளகை அப்படியே பொடித்துச் சோற்றில் தூவுகிறார்கள். சாணத்திலிருந்தும், களத்தில் திரியும் கோழி, நாயிடமிருந்தும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் ஒட்டிக்கொண்டால், துறைமுகத்தில் செய்யும் சோதனையில் சரக்கு முழுவதும் நிராகரிக்கப்படும். ஆகவே சிமெண்டுக் களம், சுத்தமான தார்ப்பாய் அல்லது மூங்கில் பாய் இவற்றில்தான் காயவைக்க வேண்டும். மூங்கில் பாயின் இடுக்குகளை அடைக்கச் சாணத்துக்குப் பதிலாக வெந்தயத்தை அரைத்துப் பூசும் முறை ஒன்று உண்டு. அது நல்ல முறை. மணிகளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, நாளில் பல முறை கிளறிவிட்டு, மாலையில் பனி விழுமுன் குவித்து மூடிவிட வேண்டும்.

பறிக்கும்போது மிளகில் 65 முதல் 70 சதவிகிதம் ஈரம் இருக்கும். அது 10, 11 சதவிகிதத்துக்கு வர வேண்டும். 12-க்கு மேல் நின்றால் சாக்கில் பூசணம் பிடிக்கும். அஃப்ளடாக்சின் என்ற நச்சும் உண்டாகலாம். கையில் ஒரு பிடி எடுத்துக் குலுக்கினால் கலகலவென்று ஒலிப்பதும், பல்லில் கடித்தால் நசுங்காமல் படக்கென்று உடைவதும் காய்ந்ததற்கு அடையாளங்கள்.

லிட்டர் எடையும் சல்லடையும்

காய்ந்த மிளகை முறத்தில் புடைத்து, பதரையும் காம்பையும் நீக்கிய பிறகு ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் மிளகைக் குலுக்காமல் தலைதட்டி நிரப்பி எடை போட வேண்டும். 550 கிராமும் அதற்கு மேலும் இருந்தால் நன்கு முற்றிய, நல்ல மிளகு. 500 கிராமுக்குக் கீழே இறங்கினால் இளம் மிளகும் பதரும் கலந்திருக்கின்றன என்று பொருள். வியட்நாம் மிளகை உலகச் சந்தையில் விலை பேசும்போது 500 கிராம் சரக்கு, 550 கிராம் சரக்கு என்று இந்த லிட்டர் எடையைச் சொல்லியே தனித்தனி விலை கூறுகிறார்கள். வியாபாரிக்குத் தெரிந்த இந்தக் கணக்கை விவசாயியும் தம் வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுப் பேசினால் பேச்சு வேறு விதமாக இருக்கும்.

தலைச்சேரி மிளகு என்பதைத் தனி இரகம் என்று வெளிநாட்டில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். வணிகத்தில் அது பெரும்பாலும் மணியின் பருமனைக் குறிக்கும் தரப்பெயர். 4.25 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் கீழே விழாமல் தங்கும் பருமணிகளுக்கு ‘தலைச்சேரி எக்ஸ்ட்ரா போல்ட்’ என்றும், 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குபவற்றுக்கு அதற்கும் மேலான தரமாகவும் பெயர் சூட்டப்படுகிறது. கேரளத்தின் பன்னியூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான, மிளகில் முதல் கலப்பின இரகமாகிய பன்னியூர் 1 தமிழ்நாட்டு மலைகளிலும் பரவலாக இருக்கிறது. அதன் மணிகள் இயல்பாகவே பருமன். நன்கு முற்றவிட்டுப் பறித்தால் அந்தச் சல்லடையில் கணிசமான பங்கு தங்கும். பருமணியையும் சிறுமணியையும் ஒன்றாகக் கொட்டி விற்பவர் பருமணியைச் சிறுமணியின் விலைக்குக் கொடுத்துவிடுகிறார்.

வெள்ளை மிளகு கட்டுமா?

வெள்ளை மிளகு தனி இனம் அல்ல. பழுத்த மிளகின் மேல்தோலை நீக்கினால் உள்ளே இருக்கும் பருப்பே வெள்ளை மிளகு. இந்தோனேசியாவின் பங்கா தீவிலும் மலேசியாவின் சரவாக் மாநிலத்திலும் பழுத்த மிளகைச் சாக்கில் கட்டி ஓடும் நீரில் ஊறப்போடுகிறார்கள். 7 முதல் 10 நாளில் தோல் அழுகிக் கழன்றுவிடும். பிறகு கையால் தேய்த்துக் கழுவி, உடனே வெயிலில் காயவைக்கிறார்கள். காரம் பருப்பில் இருப்பதால் அது குறைவதில்லை. மணம் தரும் எண்ணெயில் ஒரு பகுதி தோலோடு போய்விடும்.

இங்கு அறுவடைக் காலத்தில் மலை ஓடைகள் வற்றத் தொடங்கிவிடும். நீர் ஓடினாலும், கீழே உள்ள ஊர் குடிக்கும் ஓடையில் மிளகை அழுகவிடுவது தகாது. தொட்டியில்தான் ஊறப்போட வேண்டும். அப்போது நாள்தோறும் நீரை மாற்ற வேண்டும். நீரை மாற்றச் சோம்பினால் வெள்ளை மிளகில் மாட்டுத் தொழுவ நாற்றம் ஏறிவிடும். தேங்கிய நீரில் வளரும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் பொருட்களே அதற்குக் காரணம். எத்தனை முறை கழுவினாலும் அந்த நாற்றம் போகாது.

விலையைப் பார்ப்போம். 100 கிலோ பழுத்த மிளகிலிருந்து 25 கிலோ வெள்ளை மிளகுதான் கிடைக்கும். அதே 100 கிலோ கருமிளகாக 33 கிலோ ஆகியிருக்கும். கருமிளகு கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 33 கிலோவுக்கு 19,800 ரூபாய். அந்தத் தொகையை 25 கிலோ வெள்ளை மிளகில் எடுக்க வேண்டுமானால் கிலோ 792 ரூபாய்க்கு விற்க வேண்டும். இது வரவும் வரவும் சரியாக இருப்பதற்கே. ஊறப்போடும் கூலி, தண்ணீர், தேய்க்கும் கூலி, பழுக்கும்வரை காத்திருப்பதில் பறவை தின்றதும் உதிர்ந்ததும் எல்லாம் இதற்கு மேல். ஆக, வெள்ளை மிளகுக்குக் கருமிளகைப்போல் ஒன்றரை மடங்காவது விலை தர ஒப்புக்கொண்ட ஆள் முன்கூட்டியே கிடைத்தாலொழிய இதில் இறங்காமலிருப்பதே மேல். தோட்டத்தில் தானாகப் பழுத்துப்போன மணிகளை மட்டும் பிரித்துச் செய்து பார்க்கலாம். அதில் நட்டம் இல்லை.

சிவப்பு மிளகின் கதையும் ஏறக்குறைய இதுவே. முழுவதும் பழுத்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வெந்நீரில் சிறிது நேரம் முக்கி, தோல் உரியாமல் காயவைக்க வேண்டும். பொறுக்கும் கூலிதான் இதன் விலை. ரோஜா நிற மிளகு என்று வெளிநாட்டில் விற்பது மிளகே அல்ல. அது பிரேசில் நாட்டு மரம் ஒன்றின் பழம், முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனத்து சிச்சுவான் மிளகும் மிளகல்ல, எலுமிச்சைக் குடும்பம். இவற்றின் கன்றுகளை ‘வெளிநாட்டு மிளகு’ என்று யாராவது விற்க வந்தால் ஏமாறக் கூடாது.

பச்சை மிளகும் உப்பும்

கம்போட் கடற்கரையில் மிளகுத் தோட்டங்களுக்குச் சற்றுத் தொலைவிலேயே உப்பளங்கள் இருக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்து அங்கு ஒரு புதுச் சரக்கு செய்திருக்கிறார்கள். பச்சை மிளகைக் கடல் உப்பில் ஊறவைத்து, ஈரம் போகாமல் சிறு குப்பிகளில் அடைத்து விற்கிறார்கள். உப்பளத்துப் பாத்தியில் காற்றில்லாத மாலையில் நீரின் மேல் ஏடுபோலப் படியும் மெல்லிய உப்பை வழித்தெடுத்து, ‘உப்பின் பூ’ என்று பெயரிட்டு இதற்குப் பயன்படுத்துவதும் உண்டு. கெராந்த் உப்புக்குப் பெயர் வந்ததும் இந்த ஏட்டு உப்பினால்தான். எலுமிச்சைச் சாற்றிலும் உப்பிலும் பச்சை மிளகை ஊறுகாய் போடுவது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த கலையே.

விற்பனைக்காகச் செய்யும்போது அளவு தவறக் கூடாது. இளம் பச்சை மணிகளை உதிர்த்துக் கழுவி, 20 சதவிகித உப்புக் கரைசலில் சிறிது சிட்ரிக் அமிலம் சேர்த்து 3, 4 வாரம் ஊறவைக்க வேண்டும். பிறகு அந்த நீரை வடித்துவிட்டு, 16 சதவிகித உப்புக் கரைசலைப் புதிதாகத் தயாரித்து நிரப்ப வேண்டும். பறித்த அன்றே வேலையைத் தொடங்குவது அவசியம். தாமதித்தால், கருமிளகைக் கருக்கவைத்த அதே நொதி பச்சை மிளகையும் கருக்கச் செய்துவிடும். இதை விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து கிலோவில் தொடங்கி, சந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்துக் கூட்டுவது நல்லது. முற்றவேண்டிய சரம் முழுவதையும் இதற்கென்று இளசாகப் பறித்துவிட்டு வாங்க ஆளில்லாமல் நிற்பது குத்தகைக்கு விட்டதைவிட மோசமாகும்.

விலை ஏறும்போது கவனம்

2016-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவில் மிளகு கிலோ 700 ரூபாய் அளவுக்கு விற்றது. எங்கும் மிளகு நட்டார்கள். உலகிலேயே அதிகமாக மிளகு விளைவிக்கும் வியட்நாமில் இந்த ஆசை இன்னும் பெரிதாக இருந்தது. அந்நாட்டின் மத்திய மேட்டுநிலத்தில் கியா லாய் மாகாணத்து விவசாயிகள் கடன் வாங்கி நெருக்கமாக நட்டு, உரத்தையும் நீரையும் அள்ளிக் கொடுத்தார்கள். நட்ட கொடி பலனுக்கு வர 3, 4 ஆண்டுகள் ஆகும். அவை காய்த்த நேரத்தில் உலகில் மிளகு குவிந்து விலை சரிந்தது. அதோடு வாடல் நோயும் புகுந்து தோட்டம் தோட்டமாகக் கொடிகள் செத்தன. வெறும் கம்பங்களும் வங்கிக் கடனும் மிஞ்சிய குடும்பங்கள் பல. இந்திய அரசு 2017 டிசம்பரில் இறக்குமதி மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் என்று குறைந்தபட்ச விலை நிர்ணயித்தது. அப்படியிருந்தும் 2019-இல் உள்நாட்டு விலை 350 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது.

உச்ச விலையைப் பார்த்துக் கடனில் நடுவதைவிட, இருக்கிற கொடிகளைக் காப்பாற்றி, ஒவ்வொரு சரத்தையும் நன்றாகப் பக்குவப்படுத்துவதே சிறு விவசாயிக்குப் பாதுகாப்பு. வாடல் நோய்க்கு இடம் கொடுப்பது வேரடியில் தேங்கும் நீர். பருவமழைக்கு முன் கொடியைச் சுற்றி வடிகால் அமைத்து, ஒரு சதவிகித போர்டோக் கலவையைத் தெளித்து, டிரைக்கோடெர்மா கலந்த தொழு உரத்தை வேரடியில் இட வேண்டும். காபிக்கும் வாழைக்கும் இடையே, ஏற்கெனவே இருக்கும் நிழல் மரங்களில் மிளகு ஏற்றியிருப்பவருக்கு விலை இறங்கிய ஆண்டிலும் பிழைப்பு நடக்கும்.

பெயர் காப்பது

மிளகில் பப்பாளி விதை கலப்பது பழைய மோசடி. தண்ணீரில் போட்டால் பப்பாளி விதை மிதக்கும். முற்றிய மிளகு மூழ்கும். பளபளப்புக்காக எண்ணெய் பூசுவது அதைவிடக் கெடுதல். 2012-ஆம் ஆண்டின் இறுதியில் கொச்சிக் கிடங்குகளில் இருந்த மிளகில் கனிம எண்ணெய் இருப்பதாகப் புகார் எழுந்து, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சரக்கை முத்திரையிட்டுப் பூட்டினார்கள். பூசியவர் யாராயினும், அந்தச் செய்தியால் சந்தேகத்துக்கு ஆளானது எல்லாருடைய மிளகும்தான்.

99 கிலோ மிளகை வைத்துக்கொண்டு ஒருவர் தனியாக வெளியூர் வாங்குபவரோடு பேச முடியாது. ஒரே மலையில் இருபது, முப்பது பேர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ குழுவாகவோ சேர்ந்தால் சில டன் மிளகு ஒரே தரத்தில் சேரும். இங்குதான் கம்போட் சங்கத்தின் கண்டிப்பு வேண்டும். ஒருவரது ஈரச் சாக்கு மற்றவர்களின் நல்ல மிளகையும் கெடுத்துவிடும். குழுவுக்குப் பொதுவாக ஓர் ஈரமானி, ஒரு தராசு, 4.25 மில்லிமீட்டர் சல்லடை ஒன்று இருந்தால் போதும். சாக்கு வந்தவுடன் அதன் நடுவிலும் அடியிலும் இருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்து, 11 சதவிகிதத்துக்கு மேல் ஈரம் இருந்தால், சொந்த மாமனாருடையதாக இருந்தாலும் திருப்பியனுப்பி மறுபடி காயவைக்கச் சொல்ல வேண்டும். யாருடைய மிளகு, எந்த நாளில் பறித்தது என்பதைச் சீட்டில் எழுதிச் சாக்குக்குள் போட்டுக் கட்ட வேண்டும்.

காய்ந்த மிளகை உள்ளே பாலித்தீன் உறை போட்ட புதுச் சாக்கில் கட்டி, தரையிலோ சுவரிலோ ஒட்டாமல் மரச்சட்டங்களின் மேல் அடுக்க வேண்டும். உரமூட்டை, பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் இருக்கும் அறையில் வைக்கக் கூடாது. உரம் வந்த பழைய சாக்கை எவ்வளவு துவைத்தாலும் மிளகுக்குப் பயன்படுத்தலாகாது. நன்கு காய்ந்த மிளகு கெடாமல் பல மாதங்கள் இருக்கும். ஆகவே அறுவடை முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் விற்கும் வாரத்தில்தான் தாமும் விற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெந்நீர் முறை, தரம் பிரித்தல், கருவிகள் ஆகியவை பற்றி ஏற்காடு, தடியன்குடிசை, பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்களிலும், அந்தந்த வட்டாரத் தோட்டக்கலை அலுவலகங்களிலும் சரம் முற்றுவதற்கு முன்பே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.